சிவப்பு வளையக் குருவியும் செல்வத்தின் மீசையும்

போன வருடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், மிச்சமிருக்கும் பழைய ரப்பர் மரங்களில் ஒரு கதிர்க்குருவியைப் பார்த்தேன். காலில் பறவை ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய சிவப்பு வளையம். தென்னிந்தியாவில் குளிர்காலம் கழிக்க வேண்டிய பறவை.

எங்கள் பறவைக் குழுவின் செல்வம் சிரித்தான். "வழி தப்பி வந்திருக்கு மச்சான். அடுத்த வருசமும் வந்தா மீசைய எடுத்துடுறேன்லா."

இன்று காலை அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அதே மரம். அதே சிவப்பு வளையம்! பக்கத்தில் வளையமில்லாத இன்னொன்று.

வழி தப்பியது ஒரு முறைதான் வரும். இது ஊர் பிடித்துப்போய்த் திரும்பி வந்திருக்கிறது.

செல்வம் தொலைநோக்கியை இறக்கினான். "தைப்பூச விரதத்துல இருக்கேன் மச்சான். சவரம் பண்ணக் கூடாதுலா."

பரவாயில்லை. பூசம் முடிந்தும் குருவி இங்கேதான் இருக்கும்.

சவரக்கத்தியோடு யார் யார் வருகிறீர்கள்?