ஆலங்குடா மழையில் ஒரு சூடான துவாய்

கடந்த டிசம்பரில் நாங்கள் கல்பிட்டிப் பக்கக் கடற்கரையான ஆலங்குடாவுக்குப் போனதற்குக் காரணம் என் கணவர் பாஸ்கரனின் உடல்நிலை. எங்கள் ஊரான ஹட்டனின் குளிரில் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். உடம்பு தேறியும் பயம் போகவில்லை. குளிப்பதென்றாலே நாளைத் தள்ளிப்போடுவார். கடற்காற்று அவருக்கு நல்லது என்று நினைத்தேன். டொல்பினும் பார்க்கலாம்.

முதலில் கண்டிக்கு வந்தோம். அங்கிருந்து குருநாகல் வழியாகப் புத்தளம் சுமார் 130 கிலோமீட்டர். பஸ்ஸில் நான்கு மணி நேரம். அங்கே கல்பிட்டி பஸ் பிடித்து நுரைச்சோலையில் இறங்கினோம். பிறகு ஓட்டோ, 700 ரூபாய். வெயில் தேடிப் போன எங்களுக்கு இறங்கும்போதே மழை.

"நாளைக்கு போட் போகுமா?" என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன்.

"ஓம், விடிய கடல் அமைதியா இரிக்கும். பயப்பட வேணாம்."

அவர் சொன்னபடியே போட் போனது. டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளின. ஆனால் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கரையேறும்போது பாஸ்கரனின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இந்தப் பயணமே என் யோசனைதானே.

நாங்கள் தங்கிய விடுதியை நடத்துபவர் ரிஹானா. தொண்ணூறில், யுத்த நேரத்தில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். எங்களைக் கண்டதும் அவர் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணன், முதல்ல சுடுதண்ணியில குளிங்க. சுவத்துக் கம்பியில துவாய் இரிக்கி, அத எடுத்துத் துடைங்க."

பாஸ்கரன் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் கதவருகிலேயே நின்றேன். வெளியே வந்தபோது கழுத்துவரை துவாயைச் சுற்றியிருந்தார்.

"இப்பதான் அயன் பண்ணின மாதிரி இருக்கு. குளிரே தெரியல," என்றார்.

நானும் போய்ப் பார்த்தேன். ஏணி போன்ற இரும்புக் கம்பிகள், உள்ளே மின்சூடு, அவ்வளவுதான்.

"எங்கட அவர் கட்டார்ல ஹோட்டல் வேல செஞ்சவர். அங்க கண்டுட்டு வந்து பூட்டினவர்," என்று தன் கணவரைப் பற்றிச் சொன்னார் ரிஹானா. "மழைக்கு ஒரு துவாயும் காயாது. ஒரே பூஞ்ச மணம். வாறவங்க முகத்தச் சுளிச்சிட்டுப் போவாங்க. இப்ப அந்தக் கதையே இல்ல."

அன்று மாலை காய்ச்சல் வரவில்லை. மறுநாள் காலை, நான் சொல்லாமலே பாஸ்கரன் குளித்துவிட்டு வந்தார்.

வீடு திரும்பியதும் எங்கள் குளியலறைச் சுவரிலும் அப்படி ஒரு சூட்டுக் கம்பி பூட்டினோம். துவாய் தினமும் மொறுமொறுவென்று காய்கிறது. ஈர நாற்றம் இல்லாததால் அடிக்கடி துவைக்க வேண்டியதுமில்லை. சுவரின் ஈரமும் குறைந்திருக்கிறது. எங்களுடையது பழைய குண்டு பல்ப் அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே பூட்டுங்கள், தண்ணீர் தெறிக்காத இடமாக. டைமர் இருந்தால் நல்லது. துவாயை மடிக்காமல் விரித்துப் போடுங்கள். கம்பி சுடும், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. ஆலங்குடாவுக்குப் போகிறவர்கள் டிசம்பரென்றால் மழைக்கோட்டு கொண்டுபோங்கள்.

அடுத்த முறை வெயில் காலத்தில் போகலாமா என்று போன வாரம் கேட்டேன்.

"ஏன், மழையிலேயே போவோம்," என்றார் பாஸ்கரன்.