பாலத்துக்குப் பயந்த ராமதாஸ்

தொண்ணூறுகளில் செபராங் ஜெயாவிலிருந்து கடல் தாண்டி, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வேலையாட்களை ஏற்றிப் போன வேன்காரர்களில் பாலத்துக்குப் பயந்தவர் ராமதாஸ் ஒருவர்தான். மற்றவர்கள் பினாங்கு பாலத்தில் பறக்க, அவர் மட்டும் பட்டர்வொர்த்துக்குப் போய், வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் ஃபெரிக்கு வரிசையில் நிற்பார். "கடலப் பாத்தா தல சுத்துது லா" என்பார். ஃபெரியில் போனால் மட்டும் கடல் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. காலையில் யாருக்கு மூளை வேலை செய்கிறது?

உண்மை வேறு. ராமதாஸ் படுத்தால் குறட்டை. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோகும். மனைவி வள்ளியம்மா உலுக்கினால்தான் திரும்ப வரும். "இந்த மனுசன் தினம் செத்துச் செத்துப் பொழைக்கிறாரு டாக்டர்" என்று டாக்டர் குலசேகரத்திடம் இழுத்துப் போனவளும் அவள்தான். சோதித்துப் பார்த்து, மூக்கில் மாட்டிக் காற்றடிக்கும் மெஷின் கொடுத்தார்கள். குறட்டை போனது. பகல் தூக்கம் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை போல அசையாமல் உட்கார்ந்துகொண்டது. வாயில் வடை இருக்கத் தூங்கினார். சம்பந்தி வீட்டுச் சாவில், ஒப்பாரிக்கு நடுவில், பிணத்தைவிட நிம்மதியாகத் தூங்கினார். டாக்டர் கேட்டால் மட்டும் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். உண்மையைச் சொன்னால் வேன் ஓட்டாதே என்பாரே! வேன் போனால் சோறு போச்சு.

ஒருநாள் நடுப்பாலத்தில் கண் சொக்கிவிட்டது. சக்கரம் ஓரக்கட்டையில் உரசியதும் திடுக்கிட்டு விழித்தார். திரும்பிப் பார்த்தால், பின்னால் அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்துதான் ஃபெரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அக்கரை சேரும்வரை ஒரு குட்டித் தூக்கம் போடுவார்.

தையல் கடையில் வேலை செய்யும் ருக்கையா ஒரு காலையில் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இனி லேட்டா வந்தா வேலைக்கே வராதேன்னுட்டாரு மொதலாளி. இன்னைக்குப் பாலம்தான். பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க லா!"

வேனே சிரித்தது. ராமதாஸ் சிரிக்கவில்லை. வண்டியைப் பாலத்துச் சாலையில் திருப்பினார். டோல் சாவடி வருமுன்பே இமை கனத்தது. ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை உருவி அவள் கையில் வைத்தார்.

"எனக்குப் பாலத்தக் கண்டு பயம் இல்லம்மா. என்னக் கண்டுதான் பயம். போன வருசம் நடுப்பாலத்துல தூங்கிட்டேன். நீங்க எல்லாரும் பின்னாலதான் இருந்தீங்க."

ருக்கையா சாவியோடு அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுமா எங்கள ஏத்துனீங்க?"

ராமதாஸ் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்து, வெட்கத்தை விட்டு அழுதார். வேறு வேன்கள் வந்து ஆட்களை அள்ளிப் போயின. ருக்கையாவின் வேலை மயிரிழையில் தப்பியது.

உண்மையைக் கேட்டதும் டாக்டர் குலசேகரம் திட்டித் தீர்த்தார். "மெஷின் போட்டும் தூக்கம் வந்தா வந்து சொல்லணும் ஐயா! ராத்திரி பூரா மாட்டுறீங்களா, வேற மருந்து மாத்திரை ஏதும் காரணமா, எல்லாம் பாக்கணும். அது வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது."

சாவி வள்ளியம்மாவிடம் போனது. பலகாரம் விற்க அதே வேனைச் சாயங்காலங்களில் ஓட்டுகிறவள்தான். பிரேக் என்பது கோழைகளுக்கு என்பது அவள் கொள்கை.

மறுநாள் காலை வேன் பாலத்தில் ஏறியது. கம்பியை இறுகப் பிடித்தபடி, தத்தம் சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டு, அத்தனை பேரும் கண் கொட்டாமல் விழித்திருந்தார்கள். ராமதாஸ் மட்டும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.