இழுக்காத முன்சக்கரங்கள்

குழந்தைகளே, தென்காசியில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். டீசலை அதிகம் குடிக்கிறதே என்று முன் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, இழுவை இல்லாத வெறும் கெட்டி ஆக்சில் போட்டேன். முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் லிவர் மட்டும் அப்படியே நின்றது.

"அது சும்மா கெடக்கட்டும் அண்ணாச்சி. கழத்துனா ஓட்டை வழியா தண்ணி வரும்லா" என்றார் மெக்கானிக்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த என் தம்பி, குற்றாலத்துக்கு மேலே எங்கள் தோப்பில் பலாக்காய் ஏற்றிவர அந்த ஜீப்பில் கிளம்பினான். "மதினி, மீன்கொழம்ப அண்ணன் தின்னு தீத்துராம பாத்துக்கிடுங்க" என்று என் மனைவியிடம் கேலி பேசிவிட்டுப் போனான். ஆக்சில் மாற்றியதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

மலையில் மழை. ஓடையில் வெள்ளம். கூடப் போன அவன் சேக்காளி சுடலை மட்டும் நீந்திக் கரையேறி வந்து அழுதான். "லிவரப் போட்டுட்டேன், இனி ஏறிரும்லேன்னு சிரிச்சான் அண்ணாச்சி. பின்சக்கரந்தான் சுத்துச்சு. வெள்ளம் அவன வண்டியோட பொரட்டி இழுத்துட்டுப் போயிட்டு."

இப்போதெல்லாம் எதை யாரிடம் கொடுத்தாலும், அதில் எது வேலை செய்யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் சைக்கிள் எடுக்கும்போதுகூடச் சொல்வேன். "தெரியும்ப்பா" என்று அலுத்துக்கொள்வாள்.

என் தம்பிக்கும் அந்த ஜீப்பை நன்றாகத் தெரியும்.