கூட்டாத வாசல்

எண்பதுகளின் தொடக்கத்தில், புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்கான அடைக்கல இல்லங்களைப் பற்றி ஆய்வு செய்யப் பெரம்பலூர் போயிருந்தேன். அங்கிருந்த இல்லத்தின் காப்பாளர் ஒடிசலான உடம்பும் கணீரென்ற குரலும் உள்ள அம்மாள்.

நான் போன அன்று, குன்னத்துப் பெண்ணொருத்தியைக் கணவன் வந்து சமாதானம் பேசி அழைத்துப்போனான். அவர்கள் தெருமுனை தாண்டும் முன்பே அந்த அம்மாள் விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டினார். எனக்குத் திக்கென்றது. ஆள் கிளம்பியதும் கூட்டினால் போனவர் திரும்பி வரமாட்டார் என்பார்களே!

"என்னங்கம்மா, இப்பவே கூட்டுறீங்க?"

"வரக்கூடாதுன்னுதாங்க கூட்டுறேன். திரும்பி வந்தா அடி வாங்கிட்டுத்தானே வருவா? போன எடத்துலயே நல்லா இருக்கட்டும்."

யார் கிளம்பினாலும் அவர் வழக்கம் அதுதானாம்.

சில மாதம் கழித்து மறுபடி போனபோது குன்னத்துப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன்.

"வரலீங்க" என்றார். "கெணத்துல கெடந்தாளாம். தவறி வுழுந்துட்டான்னு சொல்லிட்டாங்க."

அன்று மாலையும் ஒரு பெண் கணவனோடு கிளம்பினாள். வாசலெல்லாம் வேப்பஞ்சருகு. அந்த அம்மாள் விளக்குமாற்றைத் தொடவில்லை. பஸ் போன பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அடி வாங்கிட்டாவது வந்துடட்டுங்க."