நடுரோட்டில் ஒரு தழை

நாலு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பென்னாகரத்தைத் தாண்டி, மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குத் தனியாக பைக்கில் போயிருந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. நல்லம்பள்ளிப் பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். முந்தின நாள்தான் என் வண்டிக்கு, மண் ரோட்டில் வழுக்காத புது பட்டன் டயர் மாட்டியிருந்தேன், அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஜல்லி ரோட்டில் முன் பிரேக்கைத் தொடாதே என்று கேட்காமலே பாடம் நடத்துகிற ஆள் நான். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது என்று அன்றைக்கு அந்த மலையை விட்டு இறங்கும் வரை எனக்குத் தெரியாது.

அடிவாரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஆறேழு கிலோமீட்டருக்கு வெறும் ஜல்லியும் செம்மண்ணும்தான். ராத்திரி மழை பெய்து ஈரமாகக் கிடந்தது. இரண்டாவது கியரிலேயே நிதானமாக ஏறி, எட்டரை மணிக்கு ஊருக்குள் போய்விட்டேன். ஒரு டீ, இரண்டு போண்டா. நான் போண்டாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கீழேயிருந்து ஏறி வந்து, முக்கி முனகிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. தனியாகவா வந்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பத்து மணி வாக்கில் இறங்க ஆரம்பித்தேன். பாதி வழியில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், நடுரோட்டில் பச்சைப் புங்கந்தழை ஒரு கொத்து கிடந்தது. அதன் மேல் தேங்காய் அளவில் ஒரு கல். யாரோ பையன்கள் விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்னால் வருகிறவர்கள் கல்லில் ஏற்றி விழுந்துவைக்கப் போகிறார்களே என்று வண்டியை நிறுத்தி இறங்கினேன். கல்லைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினேன். தழையைத் தூக்கிப் புதரில் வீசினேன். கையைத் தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தபோது நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

வளைவில் திரும்பினால் முன்னால் ரோடு பாதிதான் இருந்தது. மழையில் ஊறியிருந்த ஓரம் டிராக்டர் பாரம் தாங்காமல் சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. நான் என்ன செய்தேன்? முன் பிரேக்கைத்தான் பிடித்தேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போய், முன்சக்கரம் சரிவுக்கு வெளியே தொங்க நின்றது. என் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. சைலன்சர் சுட்டு, முழங்கால் பிசகி, ஒருவழியாகக் காலை உருவி எடுத்தேன்.

தழை எதற்கு வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே மேலே போய் அதைத் திரும்ப எடுத்து வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. பத்து நிமிஷம் என் வண்டியைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அந்த நேரம் மேலேயிருந்து பேச்சுக்குரல் கேட்டது. கூடவே தகரம் அதிர்கிற சத்தம். இன்ஜின் சத்தம் மட்டும் இல்லை. மலைக்காரர்கள் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே வருவார்கள், பெட்ரோல் மிச்சம். அதனால் பிரேக் ஷூ சீக்கிரம் தேய்ந்துபோகும். அவர்களில் பாதிப் பேருக்கு அதை விற்பதே நான்தான். அந்த பிரேக் இந்த இறக்கத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை.

நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறினேன். ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். வளைவில் ஒரு மொபெட் வந்தது. ஓட்டுகிறவர், பின்னால் அவர் மனைவி, அந்த அம்மாவின் மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை. அவர் பிரேக்கைப் பிடித்ததோடு இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். வண்டி ஜல்லியில் அலைந்து, என் இடுப்பில் இடித்து நின்றது. எனக்கும் பின்னால் இருந்த பள்ளத்துக்கும் இடையே பத்தடி தூரம் இருந்திருந்தால் அதிகம்.

அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ரோடு போயிருந்தா மேல தழை வெச்சிருப்பாங்களேங்க. தழை இருந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுதான் வருவோம். ஒண்ணும் காணலையே" என்றார்.

நான் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

குழந்தைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், அதனால் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அந்த அம்மா குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, வேறு தழை ஒடித்து வைக்க மேலே நடந்தார். எங்களிடம் காட்டத் திரும்பி வந்தபோது கையில் அதே புங்கந்தழை இருந்தது, வாடக்கூட இல்லை. இன்னொரு கையில் கல்.

"ஓரமாக் கெடந்துச்சு. காத்துல போயிருக்கும்" என்றார்.

"கல்லுமா காத்துல போவும்?" என்றார் கணவர்.

அந்த அம்மா என் சட்டையைப் பார்த்தார். பொத்தானில் ஒரு புங்க இலை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் தட்டிவிடக் கை தூக்கினேன், பிறகு விட்டுவிட்டேன். மானம் போனது போனதுதானே.

கணவரும் அந்த இலையைப் பார்த்துவிட்டார். பிறகு குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, என்னோடு சேர்ந்து என் பைக்கை இழுத்து ரோட்டில் நிறுத்தினார். அவர்கள் மொபெட்டை மலையை ஒட்டிய உள்பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தைக் கடந்தோம். கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மா தழையையும் கல்லையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போயி வெச்சிட்டு வந்துடுங்க. கால் வலிக்கும்தான். மெதுவாப் போங்க."

போனேன். எடுத்த இடத்திலேயே தழையைப் போட்டு, மேலே கல்லை வைத்து, அசைகிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

முழங்கால் ஆறு வாரத்தில் சரியானது. கடையில் இப்போது உபதேசத்தைக் குறைத்துக்கொண்டேன், பிரேக் ஷூ கேட்டால் கொடுப்பதோடு சரி. அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிற வயதில் இருக்கும், பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துபோன விஷயம்தான், ஆனாலும் 'நான்தான் எடுத்துப் போட்டேன்' என்று என் வாயால் சொல்ல எனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது.