இன்னாசியின் கப்பலுக்கு வந்த மோட்டார் சைக்கிள் பேட்டரி

பாதி வருடம் ஊரணி வறண்டு கிடக்கும் ஆவூர்ப் பக்கத்தில் பிறந்தவருக்குக் கப்பல் பைத்தியம் பிடிக்க ஒரு முகாந்திரமும் இல்லை. ஆனாலும் இன்னாசிக்குப் பிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் கப்பற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருச்சியில் ரயிலேறிப் போனார். மார்பளவு சரி, ஓட்டம் சரி. கண் பரிசோதனையில் சிவப்பையும் பச்சையையும் காட்டி, என்ன நிறம் என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்றார் இவர். அன்று சாயந்திரமே திரும்பு ரயில்.

பிறகு ரேடியோ வேலை கற்றுக்கொண்டு, பஞ்சாயத்து ரேடியோக்களைப் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் சேர்ந்தார். கொடும்பாளூர், பொன்னமராவதி என்று சைக்கிளில் சுற்றி, மின்சாரம் எட்டாத ஊர்களில் பேட்டரி மாற்றிக் கொடுப்பார். ரேடியோவுக்குள் இருக்கும் சாமான்களுக்கு நிறக்கோடுதான் அடையாளம். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் மனைவி சந்தனமேரி இருந்தாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "செவப்பு, மஞ்சள், பச்சை. போதுமாங்க?" என்பாள்.

அறுபத்து மூன்றில் நல்ல மழை. ஊரணி கரை தொட்டு நின்றது. அடங்கிக் கிடந்த பைத்தியம் மறுபடி கிளம்பிவிட்டது. கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து, மூன்றடி நீளத்தில் ஒரு கப்பல் செய்தார். பட்டாளத்தில் கழித்த சாமான்களை விற்கும் கடையில் வாங்கிய சின்ன மோட்டாரையும், தானே கோத்த ஒரு ரேடியோவையும் அதற்குள் பொருத்தினார். கரையில் நின்று கையிலுள்ள பெட்டியின் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் கப்பலின் சுக்கான் இடப்பக்கம் திரும்பும். மறுதரம் அழுத்தினால் வலப்பக்கம். இடையில் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை.

முதலில் டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டைகளைப் போட்டார். கப்பல் பாய்ந்துதான் கிளம்பியது. நடு ஊரணியை எட்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது, பிறகு நின்றேபோனது. ரேடியோவைப் பாட வைக்கும் தெம்பு கட்டைகளுக்கு உண்டு. மோட்டார் உறிஞ்சும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இன்னாசி நீந்திப்போய்க் கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னுங் கொஞ்சம் கட்டை சேத்துப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் சந்தனமேரி.

போட்டார். கப்பல் கூடுதல் தூரம் போய் நின்றது. அவரும் கூடுதல் தூரம் நீந்தினார்.

அடுத்து ஒரு ஜீப் பேட்டரி. ஊரணிக்குக் கொண்டுபோகும் முன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் கப்பலை மிதக்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியைத் தூக்கி வைத்தார். கப்பல் மறுபேச்சில்லாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"மாடுகூடச் சிரிக்குதுங்க" என்று சொல்லிச் சந்தனமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தெம்பும் வேண்டும், கனமும் கூடாது. இதே யோசனையாக அலைந்தவரின் கண்ணில் ஆவுடையப்பனின் மோட்டார் சைக்கிள் பட்டது. ஆவுடையப்பன் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், தமாஷ் பேர்வழி.

"அந்தப் பேட்டரியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. அது இல்லாமலே உங்க வண்டி ஓடும்" என்றார் இன்னாசி.

"ஓடும்ண்ணே. ஹாரன் அடிக்காதே?"

"ஹாரனுக்கு வாய் இருக்குல்ல?"

அந்த வாரம் முழுக்க ஆவுடையப்பன், "ஓரம்! ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஊர் ஊராக ஊசி போடப் போனார்.

அந்தப் பேட்டரி வாகாகத்தான் இருந்தது. பின்புறம் வைத்தபோது கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவயிற்றில் தாழ்த்தி வைத்ததும் சமமாக மிதந்தது. ஆனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்தால், பொத்தானைத் தொடாமலே சுக்கான் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடியது. மோட்டார் இழுக்கும்போதெல்லாம் அதே பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்குத் தலை சுற்றுகிறது என்று இன்னாசி புரிந்துகொண்டு மனைவியிடம் விளக்கினார்.

"சேத்து வச்சாச் சண்டைதான். தனிக்குடித்தனம் வச்சு விடுங்க" என்றாள் அவள்.

வைத்துவிட்டார். மோட்டாருக்கு மோட்டார் சைக்கிள் பேட்டரி, ரேடியோவுக்கு முதலில் வாங்கிய டார்ச் கட்டைகள். சண்டை தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே ஊரணிக் கரைக்கு வந்துவிட்டது. இன்னாசி பரபரப்பில் ஒயர்களைத் தானே முடுக்கிக் கப்பலை விட்டார். அது பின்புறமாகக் கிளம்பி, குளித்துக்கொண்டிருந்த எருமைகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கரை முழுக்க ஒரே சிரிப்பு. இன்னாசிக்கு முகம் சுண்டிவிட்டது. சந்தனமேரி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, கப்பலைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தாள்.

"செவப்பையும் பச்சையையும் மாத்திக் குடுத்திருக்கீங்க. என்னயக் கூப்பிட்டா என்னவாம்?"

ஒயர்களை அவளே மாற்றிப் போட்டாள். இப்போது கப்பல் ஊரணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அவர் காலடிக்கே வந்து நின்றது. கூட்டம் கை தட்டியது.

ஆவுடையப்பனுக்கு மட்டும் திருப்தியில்லை. "தொண்டை போச்சுண்ணே எனக்கு. அதுக்கு இந்த வெளையாட்டுச் சாமான் மட்டுந்தானா? ஒரு ஆள இழுக்கட்டும், கப்பல்னு ஒத்துக்கிறேன்."

வாழைமரத்தைத் துண்டுபோட்டுத் தெப்பம் கட்டினார்கள். யார் ஏறுவது என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்தனமேரி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா?" என்றார் இன்னாசி.

"நல்லாத் தெரிஞ்சு ஓட்டுங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

கயிறு விறைத்தது. மோட்டார் முனகியது. தெப்பம் அசையவில்லை. பிறகு தெப்பம் மெல்ல மெல்ல நகர்ந்தது. ஆமை வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. எதிர்க்கரைப் பக்கம் போனதும் சந்தனமேரி தேரில் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கையை ஆட்டினாள். இன்னாசி ஒரு பொத்தானை நம்பிப் பெண்டாட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கரையோரமாகவே கூட ஓடினார்.

தெப்பம் திரும்பி வந்து கரையில் தட்டியதும் இறக்கிவிடக் கை நீட்டினார். அவள் இறங்கவில்லை.

"இன்னொரு சுத்து போகும்ல?"

"பேட்டரி தாங்கும்" என்றார் இன்னாசி, மூச்சிரைக்க. "எனக்குத்தான் ஓட முடியல."