கப்டனின் புது முகம்

என் கணவர் அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, அவருடைய தகப்பனாரின் மரண வீட்டில். மற்றது, எங்கள் வரவேற்பறையில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், விண்வெளிக் கப்டன் ஒருவர் நாற்பது வயது குறைந்து திரையில் வந்து நின்றபோது. எதற்குக் கூடுதலாக அழுதார் என்று சொல்லி மாமியாரின் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞர். நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இந்த ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கலியாணமாகி வந்தபோது அவருடைய பெட்டியில் சட்டைகளைவிட அந்தக் கப்டனின் பழைய படங்கள் அடங்கிய சீடிகள்தான் அதிகம். ஒவ்வொரு படத்தையும் என்னை உட்கார வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நான் தூங்கினேன். வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது என்று பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பின்னேரம் வந்து விண்வெளியில் குண்டு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் படங்களின் உலகத்தை வைத்தே புதிதாக ஒரு தொடர் வந்தது. வாரம் ஒரு பகுதி. அதில் கப்டன் இல்லை. ஓட்டை விழுந்த சரக்குக் கப்பலொன்றைத் திருத்தித் திருத்தி ஓட்டும் ஒரு பெண் மெக்கானிக்தான் கதை. முதல் வாரம் போஞ்சி நறுக்க வெளிச்சமான இடம் தேடித்தான் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தேன். அவள் உதிரிப்பாகத்துக்கு விலை பேசினாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள். யந்திரம் நின்றால் அதைத் திட்டிக்கொண்டே கழற்றினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் வாரத்திலிருந்து போஞ்சியை முன்கூட்டியே நறுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

யாரும் என்பது இரண்டு பேர். ஒருவர் என் கணவர். மற்றவர் எல்கடுவையிலிருந்து சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் இறங்கி வரும் அவருடைய சிநேகிதர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்கும் வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர். கப்டனின் தமிழ் ரசிகர்களுக்கென்று முகநூலில் இருந்த குழுவொன்றில் பழக்கமானவர். மலையில் அவருடைய குவாட்டர்ஸில் சிக்னல் கிடையாது. ஆகவே எங்கள் வீட்டுக்கு வருவார். நல்ல கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறமாட்டார், சனி தொடரும் தவறமாட்டார்.

கடைசிப் பகுதி வந்தது. மெக்கானிக்கும் அவளுடைய ஆட்களும் ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். காற்று குறைந்துகொண்டே போகிறது. அவள் பூட்டின் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கிறாள். விரல் சுட்டுவிடுகிறது. வாயருகே வைத்து ஊதிவிட்டு மறுபடியும் கையை விடுகிறாள். கடைசிக் கம்பி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. ஒரே வெளிச்சம். பழைய இசை. பளபளக்கும் சப்பாத்து தெரிந்தது, பிறகு மேலங்கி, பிறகு முகம். உண்மையில் எழுபதைத் தாண்டிய அந்த நடிகருக்குக் கணினியில் சுருக்கமெல்லாம் எடுத்து முப்பது வயது முகமொன்றைச் செய்து போட்டிருந்தார்கள். என் கணவர் கதிரையைவிட்டு எழுந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"யாருங்க இது?" என்று கேட்டேன்.

தேவாலயத்தில் போன் அடித்தால் திரும்புவார்களே, அப்படி இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கப்டன்!" என்றார் என் கணவர், குரல் தழுதழுக்க. "கப்டன் வந்திட்டார்!"

"கப்டனா?" என்றார் டீமேக்கர். "சேசுவே! சேர், அந்த மூஞ்சியப் பாருங்க. வாய் பேசுது, கன்னம் சும்மா இருக்கு. மெழுகுதிரிக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்குதுங்க."

"என்ன கதைக்கிறீர்? கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில இருக்கிற தூரத்தைப் பாரும். அப்பிடியே அச்சொட்டு!"

"தூரம் சரிங்க சேர். உசிரு எங்க?"

"உண்மையான ரசிகனெண்டால் இப்பிடிக் கதைப்பீரே?"

"உண்மையான ரசிகன்கிறதாலதாங்க வயிறு எரியுது. அவரு கிழவனாயிட்டாருன்னா கிழவனாவே வரட்டுமே. நாங்களும்தானே கிழவனாயிட்டோம்."

என் கணவர் கண்ணைத் துடைத்தார். "அந்த நாங்களுக்குள்ள என்னைச் சேர்க்க வேண்டாம்," என்றார்.

"அவ கடைசிக் கம்பிய இணைக்கத்தானே போனா?" என்று நான் இடையில் கேட்டேன். பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. டீமேக்கர் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் போய்விட்டார். அவருடைய தொழிலில் இருக்கிறவர் அப்படிச் செய்தால் அது பெரிய கண்டனம்.

அன்றிரவே முகநூல் குழு இரண்டாகப் பிளந்தது. அழுதவர்கள் ஒரு பக்கம், மெழுகென்றவர்கள் ஒரு பக்கம். தன் குழந்தைப் பருவம் திரும்பி வந்துவிட்டதென்று ஒருவர் எழுதினார். தன் குழந்தைப் பருவத்தைக் கொன்றுவிட்டார்களென்று இன்னொருவர் எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் ஏசிய வார்த்தைகளைப் பார்த்தால், அந்தப் பருவம் இருவருக்குமே இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது.

அடுத்த வாரம் என் கணவர் கப்டனுக்காக ஒரு வீடியோ போடத் தீர்மானித்தார். போனைப் பிடிக்கும் வேலை எனக்கு. புதுச் சட்டை, கறுப்புச் சாயமடித்த மீசை. அவர் பேசத் தொடங்க, போன் திரையில் பார்த்தேன். அங்கே வேறொரு ஆள் இருந்தார். கன்னம் மாவில் பிசைந்தது போல வழுவழுப்பாக இருந்தது. மூக்கோரத்தில் இருக்கும் மருவைக் காணவில்லை. கலியாணம் பேச எங்கள் பக்கத்துக்கு அவருடைய படம் கொண்டுவந்தபோது என் சித்தி அந்த மருவைக் காட்டித்தான் "மாப்பிள்ள அதிர்ஷ்டசாலி" என்று சம்மதம் வாங்கியிருந்தார்.

"உங்க மரு எங்கங்க?"

"வெளிச்சம் அப்பிடி."

"தாடையும் மெலிஞ்சிருக்கே?"

"சும்மா பிடியும்."

போனில் முகத்தை அழகாக்கும் ஏதோ வசதியைப் போட்டு வைத்திருந்தார். தொழில்நுட்பம் எப்படிக் கலைக்குக் கைகொடுக்கிறது என்று அவர் உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தபோது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். கை முகத்தை மறைத்ததும் போன் தடுமாறிப்போய்ப் புது முகத்தைக் கழற்றிவிட்டது. ஒரு கணம் என் கணவர், மருவோடும் தொங்கிய கன்னத்தோடும், எட்டிப் பார்த்தார். கை இறங்கியதும் பழையபடி இளைஞர் வந்துவிட்டார். இவர் அதைக் கவனிக்காமலே வீடியோவைப் போட்டுவிட்டார்.

குழுவில் எல்லோரும் கவனித்தார்கள். டீமேக்கர் அந்தக் கணத்தைப் படமாக எடுத்துப் போட்டு, கீழே எழுதியிருந்தார்: "சேர், இதுல எது நீங்க?" அவர் எந்தப் பாறையில் ஏறி நின்று சிக்னல் பிடித்தாரோ தெரியாது. கஷ்டப்பட்டுத்தான் அனுப்பியிருப்பார்.

என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீடியோவின் கீழே நானும் ஒரு கருத்தெழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும். என் கணக்கில் என் படம் கிடையாது, ஒரு அந்தூரியப் பூதான். முகத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. "கப்டன் வராமலிருந்தால் அந்தப் பெண்ணே கதவைத் திறந்திருப்பாள். ஒரு கம்பிதான் மிச்சமிருந்தது," என்று மட்டும் எழுதினேன்.

ஒருவர் பதில் போட்டார்: "அக்கா, இது சமையல் நிகழ்ச்சி இல்ல. தெரியாத விசயத்துல தலையிடாதீங்க." அந்தப் பதிலுக்குப் பல பேர் இதயம் போட்டிருந்தார்கள். யார் யாரென்று பார்த்தேன். முதல் பெயர் என் கணவருடையது.

சாப்பாட்டு மேசையில் போனை அவர் முன்னால் வைத்தேன். வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது நீரே?"

"நான்தாங்க."

"பூப்படம் போட்டால் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா இதயம் போட்டிருக்க மாட்டீங்க. தெரியாத பொம்பளன்னா போடலாம். அப்படித்தானே?"

அவர் தன் போனை எடுத்து இதயத்தை அகற்றினார். எனக்கு முன்னாலேயே, தெரியும்படி, மெதுவாக அகற்றினார். பிறகு, "சரி, அந்தக் காட்சியைப் போடும்," என்றார்.

போட்டேன். இந்தத் தடவை கதவு திறப்பதற்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். திரைக்குக் கிட்டப் போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்ப்பதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"ஓம். ஒரு கம்பிதான்," என்றார். "அதைக் கையிலயும் எடுத்திட்டா. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தையும் ஓடவிட்டார், கதவு திறந்தது.

"ஆனாலும் கப்டன்ர காதைப் பாரும்," என்றார். "அச்சொட்டு."

மாதங்கள் போயின. தொடரின் இரண்டாம் பருவம் வரப்போவதாக அறிவித்தார்கள். அது தொடங்குவதற்கு முந்தின நாள் டீமேக்கர் ஒரு பை நிறைய ஆனைக்கொய்யாப் பழங்களோடு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கொள்கையில் மாற்றமில்லையாம், சிக்னலிலும் மாற்றமில்லையாம். என் கணவர் கதிரையைக் காட்டினார். கப்டனின் முகத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை என்று பேசாமலே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

மறுநாள் முதல் பகுதி ஓடியது. எங்கு பார்த்தாலும் கப்டன். பாதிப் பகுதி போன பிறகுதான் மெக்கானிக் ஒரு காட்சியில் வந்தாள். அவருடைய கப்பலைத் திருத்தினாள், அவர் நன்றி சொன்னார், அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு ஆண்களும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"டீச்சர், இது அநியாயங்க," என்றார் டீமேக்கர்.

"பெரிய அநியாயம்," என்றார் என் கணவர். "சும்மா விடக்கூடாது."

இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். மெக்கானிக்குக்கு இழைக்கப்பட்ட துரோகத்தைக் குழுவில் கிழிகிழியென்று கிழிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப் பதில்கள் வந்து விழுந்தன. இவர் ஒன்றெழுத, அவர் அதை வாசித்து, "சரியா சொன்னீங்க சேர்," என்று தானும் ஒன்றெழுதினார். கழுத்தை வளைத்துக்கொண்டு, முழு நாட்டு ரசிகர்களோடும் அவளுக்காகச் சண்டை போட்டார்கள்.

அந்த நேரம் திரையில் அவள் திரும்பி வந்தாள். கப்டன் இல்லாத இடத்தில், தனியாக, உடைந்த பம்பொன்றின் முன்னால் குந்தியிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகாணியை முடுக்கினாள். நல்ல நீளமான காட்சி. நான் அவர்களைக் கூப்பிடவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, கடைசிவரை பார்த்தேன்.